காட்டுப் பாதையில் பஞ்சர்: ஃபோர் பை ஃபோர் வண்டிக்குப் புதியவர்களுக்கு

மஹிந்திரா தார், ஜிம்னி, கூர்க்கா என்று புதிதாக வாங்கி முதல் மலைப்பாதைக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்கிற கேள்வி: "ஸ்டெப்னிதான் இருக்கே, அது போதாதா?" நெடுஞ்சாலையில் போதும். அங்கே தரை சமம், போன் எடுக்கும், நாலு கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடை. காட்டுப் பாதையில் சிக்னல் இருக்காது. ஜாக்கி வைத்தால் மண்ணுக்குள் இறங்கும். ஒர்க்‌ஷாப்பில் ஏர் கன் வைத்து முறுக்கிய நட், வண்டியோடு வந்த சின்ன ஸ்பேனருக்கு அசையவே அசையாது.

டயரில் விழுந்த ஓட்டையை அடைக்க, பழகிய கைக்குப் பத்து நிமிடம் போதும். நேரத்தைத் தின்பது மற்ற மூன்று: ஜாக்கி நிற்க உறுதியான இடம், நட்டைக் கழற்றும் பலம், திரும்ப அடிக்கக் காற்று. இந்த மூன்றுக்கும் வீட்டிலேயே வழி செய்துகொண்டு கிளம்புங்கள். பஞ்சர் ஆனாலும் அன்றைய பயணம் கெடாது.

முதலில் டயரைப் பாருங்கள்

டயரின் பக்கத்தில் 245/75 ஆர்16 என்று இருந்தால் அகலம் 245 மில்லிமீட்டர். சைடு வாலின் (தரையில் படும் பகுதிக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள பக்கச் சுவர்) உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது ஏறக்குறைய 184 மில்லிமீட்டர். ரிம் 16 அங்குலம். 255/65 ஆர்18 என்றால் சைடு வால் 166 மில்லிமீட்டர்தான். ஜிம்னியின் 195/80 ஆர்15-இல் 156. பெரிய ரிம் பார்க்க அழகு, ஆனால் கல் பாதைக்கு உயரமான சைடு வால்தான் நல்லது. காற்றைக் குறைத்து ஓட்டும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர் மட்டும்தானே. வண்டி ஒரே மாடலில் இரண்டு ரிம் அளவில் கிடைக்கிறது, உங்களுக்கு மலையும் காடும்தான் ஆசை என்றால் சின்ன ரிம்மை எடுங்கள் என்பதே என் கருத்து.

அதே சைடு வாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்துகளின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 2423 என்றால் 2023-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் செய்த டயர். கோடு கோடாக வெடிப்பு விட்ட பழைய டயர், பட்டன் (தரையில் படும் ரப்பர் மேடுகள்) எவ்வளவு மிச்சம் இருந்தாலும் கல்லில் தாங்காது. பட்டன் ஆழத்துக்குச் சட்டப்படியான எல்லை 1.6 மில்லிமீட்டர். அது சாலைக்கு. கல் பாதைக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரை நான் நம்பமாட்டேன். ரப்பர் மெலிந்த இடத்தில் கூர்க்கல்லும் ஆணியும் சுலபமாக இறங்கும்.

எச்.டி. (ஹைவே டெரெய்ன்) டயர் சாலைக்கு, எம்.டி. (மட் டெரெய்ன்) சேற்றுக்கும் பாறைக்கும், ஏ.டி. (ஆல் டெரெய்ன்) இரண்டுக்கும் நடுவில். வார நாளில் ஆபீசுக்கும் அதே வண்டியில் போகிறவருக்கு ஏ.டி. போதும்.

வால்வுகளையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். ரப்பர் வால்வு வெயிலில் காய்ந்து அடியில் வெடித்திருக்கும். விரலால் வளைத்தால் வெடிப்பு தெரியும். எச்சிலைத் தொட்டு வால்வு வாயில் வைத்தால் உள்ளே பின் கசிகிறதா என்பதும் தெரிந்துவிடும். பஞ்சர் என்று நினைத்து டயர் முழுக்கத் தேடிக் கடைசியில் வால்வு பின்னை ஒரு சுற்று இறுக்கிச் சரியாகிப் போன கதை ஊரில் ஏராளம்.

ஸ்டெப்னியை யாரும் பார்ப்பதில்லை. மாதக்கணக்கில் பின்கதவில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த டயரில் காற்று எவ்வளவு என்று கிளம்பும் முன் அளந்து, மற்ற டயர்களைவிட ஐந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) கூடுதலாகவே வையுங்கள். அதிகமானதைக் குறைப்பது எளிது. ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சின்ன அளவா என்பதையும் பாருங்கள். அளவு மாறின டயரோடு இறுகிய தரையில் ஃபோர் வீல் டிரைவ் போட்டு ஓட்டினால், முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்றப் பார்த்து, இரு அச்சுக்கும் இன்ஜின் சக்தியைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸும் ஷாஃப்டும் முறுக்கு வாங்கும். வசதி இருந்தால் ஐந்தாவதையும் அதே அளவில் வாங்கிவிடுவது நல்லது.

பையில் என்னென்ன

காற்றளக்கும் கேஜ் ஒன்று, சொந்தமாக. பெட்ரோல் பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை. எப்போதும் ஒரே கேஜில் பார்த்தால்தான் கூடக் குறைய தெரியும்.

பன்னிரண்டு வோல்ட் கம்ப்ரெசர். இதில் காசைப் பார்க்காதீர்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகும் சின்னது கார் டயருக்குச் சரி. அந்த சாக்கெட்டின் ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். பெரிய டயர் நான்கையும் 18-இலிருந்து 32-க்கு ஏற்றுகிற கம்ப்ரெசர் அதைவிட அதிகம் இழுக்கும், ஃபியூஸ் போய்விடும். பேட்டரியிலேயே கிளிப் மாட்டுகிற வகையை வாங்குங்கள். அதன் ஒயர் பின் சக்கரம் வரை எட்டுகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். பயன்படுத்தும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கட்டும், இரண்டு டயருக்கு ஒருமுறை கம்ப்ரெசரை ஆறவிடுங்கள்.

பஞ்சர் கிட்டில் இரும்புக் கைப்பிடி உள்ள ரீமரும் (ஓட்டையைத் தேய்த்துச் சீராக்குவது) ஊசியும் (ஸ்ட்ரிப்பை உள்ளே தள்ளுவது) வேண்டும். பிளாஸ்டிக் கைப்பிடி ரேடியல் டயரின் எஃகுக் கம்பிகளோடு போராடும்போது உடைந்து உள்ளங்கையில் இறங்கும். ஸ்ட்ரிப் (ஓட்டையில் திணித்து அடைக்கும் ரப்பர் பூசிய கயிறு) பத்துக்குக் குறையாமல், ரப்பர் சொல்யூஷன் ஒரு டியூப் (திறந்த பழைய டியூப் காய்ந்திருக்கும், புதிது போடுங்கள்), மூக்குக் குறடு, கட்டர், சாக்பீஸ், ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர், வால்வு பின் கழற்றும் சாவி, உபரி பின்கள் நான்கைந்து, முழு வால்வு ஒன்று.

நட்டுக்கு: உங்கள் நட்டின் அளவுக்கான ஆழமான சாக்கெட், அதோடு இரண்டடி நீளக் கைப்பிடி. அலாய் வீலில் திருட்டைத் தடுக்கும் லாக் நட் போட்டிருந்தால் அதன் சாவி வண்டியை விட்டு இறங்கவே கூடாது.

ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிக்கு ஓரடி, ஒன்றரை அங்குல கனத்தில் மரப்பலகை. எல்லாவற்றையும்விட மலிவான பொருள் இதுதான். இது இல்லாமல் போனவர்கள்தான் அதிகம் தவிக்கிறார்கள். கூடவே சக்கரம் உருளாமல் தடுக்க இரண்டு அண்டைக் கட்டை, ஒரு கையுறை, தலையில் மாட்டும் விளக்கு, உட்கார ஒரு பழைய சாக்கு, இழுத்து இறுக்கும் ராட்செட் ஸ்ட்ராப் ஒன்று. ஸ்ட்ராப் எதற்கென்று கீழே வருகிறது.

டயருக்குள் பீய்ச்சுகிற சீலண்ட் பாட்டிலை நான் பரிந்துரைப்பதில்லை. சின்ன ஆணித் துளையை அது அடைக்கலாம். பின்னால் உள்பக்கம் பேட்ச் ஒட்ட வருகிறவருக்கு அந்தப் பிசினைத் துடைத்தெடுப்பதே பெரும்பாடு. எப்போதாவது போட நேர்ந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாசலில் ஒரு ஒத்திகை

வாங்கிய சாமான் அட்டைப்பெட்டி பிரிக்காமலே காட்டுக்குப் போவது பயனில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, வண்டியில் இருக்கும் கருவிகளை மட்டும் வைத்து ஒரு பின் சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னியை மாட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து சுத்தியல்கூட எடுத்து வரக்கூடாது. என்ன குறைகிறது என்பது அப்போது தானாகத் தெரியும். நட் அசையவில்லை என்றால் பஞ்சர் கடையில் ஒருமுறை கழற்றி, கையால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கித் தரச் சொல்லுங்கள். அதன்பின் எப்போது சர்வீஸ் விட்டு வந்தாலும் நீங்களே ஒருமுறை தளர்த்தி இறுக்கிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரிப் போடவும் பழக வேண்டும். பஞ்சர் கடையில் தூக்கிப்போட வைத்திருக்கும் டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆணி அடித்து, ரீமர் விட்டு, ஊசி ஏற்றிப் பாருங்கள். முதல் தடவை ஊசியை உள்ளே தள்ள எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று பார்த்தே பலர் திகைப்பார்கள்.

காற்றைக் குறைப்பது பஞ்சரைத் தடுக்கும்

இது புதியவர்களுக்கு நம்பக் கடினமான விஷயம். காற்று குறைந்தால் பஞ்சர் ஆகும் என்றுதானே கேட்டு வளர்ந்திருக்கிறோம். முப்பத்திரண்டு பி.எஸ்.ஐ.யில் விறைப்பாக இருக்கும் டயர் கூரான கல்லின் மேல் ஏறும்போது முழு எடையும் அந்த ஒரு முனையில் விழுகிறது. காற்றைக் குறைத்தால் ரப்பர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுத்து, எடையைப் பரவலாக ஏந்திக்கொள்கிறது. பிடிமானமும் கூடும், உள்ளே இருப்பவர்களின் முதுகும் தப்பிக்கும்.

கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் 30-லிருந்து 32 வரை போட்டிருக்கும் வண்டிக்கு நான் சொல்லும் கணக்கு இது. கப்பி மண் பாதைக்கு 24 முதல் 26. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப் பாதை மாதிரி முழுக்கக் கல்லாக இருந்தால் 18 முதல் 22. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி (செம்மணல் மேடு) மாதிரி ஆழமான மணலில் 15 முதல் 18. (காப்புக்காடாக அறிவித்த தேரிக்குள் அனுமதி இல்லாமல் வண்டி இறக்கக் கூடாது, அனுமதி உள்ள இடம்தானா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.) பதினைந்துக்குக் கீழே சாதாரண ரிம்மில் போக வேண்டாம், திருப்பத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். இருபதுக்குக் கீழே இருக்கும்போது 30 கிலோமீட்டருக்கு மேல் தொடவே வேண்டாம். சாலை ஏறியதும் காற்றை முழுதாக அடித்துவிட்டுத்தான் வேகம் எடுக்க வேண்டும். மெல்லிய காற்றில் வேகமாக ஓடும் டயரின் சைடு வால் ஓயாமல் மடங்கி மடங்கிச் சூடேறி, வெடித்தே போகும். கம்ப்ரெசர் இல்லாதவர் காற்றைக் குறைக்கவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

குறைத்த காற்றில் ஒரு ஆபத்து உண்டு. சைடு வால் வெளியே பிதுங்கி நிற்கும். டயரில் மிக மெல்லிய இடம் அது. அங்கே எஃகுப் பட்டை கிடையாது. புதியவர்கள் கல்லைக் கண்டதும் அதை ஒட்டி உரசிக்கொண்டு போகப் பார்ப்பார்கள். அப்படிப் போனால்தான் சைடு வால் கிழியும். தவிர்க்க முடியாத கல் என்றால் சக்கரத்தை நேராக அதன் மேல் ஏற்றி, பட்டன் பக்கம் கல்லில் படும்படி மெதுவாக இறக்குங்கள். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது முன் டயரின் பக்கம் எந்தக் கல்லைத் தேய்க்கும் என்று தெரியாவிட்டால், ஒருவரை இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பஞ்சர் என்று தெரிந்ததும்

ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கும், பின்பக்கம் என்றால் வண்டி ஆடும், தட தடவென்று ஒரு சத்தம் வரும். உடனே நிறுத்த வேண்டும். "அடுத்த வளைவில் நிழல் இருக்கு, அங்க போயிடலாம்" என்று இருநூறு முந்நூறு மீட்டர் உருட்டினாலே ரிம் சைடு வாலை உள்ளிருந்து மென்றுவிடும். ஆணித் துளையோடு போயிருக்க வேண்டியது, டயரே போய்விடும். வழி சரிவாகவோ குறுகலாகவோ இருந்து நகர்ந்தே ஆக வேண்டும் என்றால் நடை வேகத்தில், பத்து இருபது அடி.

எல்லாரையும் இறக்கி, மேட்டுப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். பின்னால் வண்டி வரக்கூடிய இடம் என்றால் முக்கோணப் பலகையை வளைவுக்கு முன்னாலேயே கொண்டுபோய் வையுங்கள்.

அடுத்து, ஜாக்கியை எடுக்கும் முன் ஒரு கேள்வி: சக்கரத்தைக் கழற்றித்தான் ஆக வேண்டுமா? டயரில் இன்னும் கொஞ்சம் காற்று இருக்கிறது, ஓட்டை பட்டன் பக்கத்தில் இருக்கிறது என்றால் பெரும்பாலும் தேவையில்லை. முன் சக்கரம் என்றால் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தால் பட்டன் பக்கம் வெளியே தெரியும். பின் சக்கரம் என்றால் வண்டியை அரை அடி உருட்டி, ஓட்டையை டயரின் பின்பக்கத்துக்குக் கொண்டு வந்தால் கை எட்டும். காற்று இருக்கும்போதே ஸ்ட்ரிப் போடுவது எளிது. டயர் விறைப்பாக நிற்கும், சீறும் சத்தமே ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டெப்னியைக் கடைசி ஆயுதமாக மிச்சம் வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குள் ஸ்டெப்னியை மாட்டிய பிறகு இரண்டாவது பஞ்சர் ஆனால், கையில் ஒன்றும் இருக்காது.

ஸ்ட்ரிப் போடும் முறை

முதலில் ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக் காத்திருங்கள். கடுகளவு குமிழ்கள் கொத்தாக எழும் இடம்தான் அது. சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அதை மட்டும் பார்த்து நிறுத்தாமல் டயர் முழுக்க ஒருமுறை தெளித்துப் பாருங்கள், இரண்டாவது ஓட்டை இருக்கலாம்.

ஆணியைப் பிடுங்கும் முன் அது எந்தச் சாய்வில் இறங்கியிருக்கிறது என்று நன்றாகக் கவனியுங்கள். ரீமரும் ஊசியும் அதே சாய்வில்தான் போக வேண்டும். நேராக இறங்கிய ஆணி அபூர்வம். சாய்வைத் தவறவிட்டால் ரீமர் பக்கத்தில் ஒரு புது ஓட்டையைப் போட்டுவிடும்.

பிடுங்கும் முன்பே ஊசியில் ஸ்ட்ரிப்பைக் கோத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்திருங்கள். ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையும் சம நீளத்தில் தொங்க வேண்டும். குறடால் ஆணியை இழுத்து எடுத்ததும் ரீமரை உள்ளே விட்டு, வலஞ்சுழியாகத் திருகிக்கொண்டே ஆறேழு முறை மேலும் கீழும் ஓட்டுங்கள். எஃகுக் கம்பியின் கூர்முனைகளைத் தேய்த்து மழுக்குவதற்காக இது. மழுக்காமல் விட்டால் அந்தக் கம்பியே நாளடைவில் ஸ்ட்ரிப்பை அறுத்துவிடும். வெளியே எடுக்கும்போதும் வலஞ்சுழியாகவே திருகுங்கள்.

உடனே ஊசி. முழங்காலை ஊன்றி, இரண்டு கையாலும் நெஞ்சின் எடையைக் கொடுத்துத் தள்ளுங்கள். ஸ்ட்ரிப்பில் மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போய், வெளியே முக்கால் அங்குலம் வால் நிற்கும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக இழுங்கள். மெதுவாக இழுத்தால் ஸ்ட்ரிப்பும் கூடவே வந்துவிடும். வாலை ரப்பரோடு ஒட்டி நறுக்க வேண்டாம், அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள்; ஓடும்போது தேய்ந்து அமர்ந்துகொள்ளும்.

காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழ் வந்தால் அதே ஓட்டையில் இரண்டாவது ஸ்ட்ரிப்பைச் சேர்த்துப் போடலாம். ஓட்டை ஆறு மில்லிமீட்டருக்கு மேல் என்றால் இரண்டு மூன்று ஸ்ட்ரிப் போட்டு ஊர் வந்து சேரலாம், ஆனால் அது நிரந்தரம் ஆகாது. பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக ஓட்டிய பிறகு நிறுத்திக் காற்றை மறுபடி அளந்துவிடுங்கள்.

சீமைக்கருவேலம்

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் கண்மாய்க் கரையிலும் வண்டித்தடத்திலும் ஓட்டுகிறவர்களுக்குக் கல்லைவிட எதிரி சீமைக்கருவேல முள். காய்ந்த கிளை ஒன்று தடத்தில் விழுந்து கிடக்கும். ஏறி இறங்கினால் முள் பட்டனுக்கு நடுவில் உள்ள பள்ளத்தில் இறங்கி, வெளியே நீட்டியிருக்கும் பாகம் ஒடிந்துவிடும். மேலிருந்து பார்த்தால் ஒரு பழுப்புப் புள்ளி மட்டும் தெரியும். முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாள் காலை டயர் அமுங்கி நிற்கும்.

இப்படிப் பல முள் ஏறிய டயரில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பிடுங்காதீர்கள். ஒன்றைப் பிடுங்கு, ஒன்றை அடை. வழியில் கசியாத முள்ளைத் தொட வேண்டாம். காற்றை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொண்டு வீடு வந்தபின் வெளிச்சத்தில் எடுங்கள். ஊக்கு முனையால் கிளறினால் முள்ளின் தலை மேலே வரும், மூக்குக் குறடால் பிடித்துவிடலாம். முனை உள்ளேயே ஒடிந்து நின்றால் கடையில் டயரைக் கழற்றி உள்பக்கத்தைக் கையுறை போட்டுத் தடவிப் பார்க்கச் சொல்ல வேண்டும். முந்தின இரவு தங்கும் இடத்தில் நான்கு டயரையும் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டுப் படுப்பது அந்தப் பக்கத்தில் நல்ல பழக்கம்.

சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால்

இந்த வேலையில் உயிருக்கு ஆபத்தான கட்டம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

சரிவில் நின்ற வண்டிக்குக் கியர் போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். டூ வீல் டிரைவில் பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிய கணமே அந்தக் கியர் பிடிப்பு போய்விடும். தூக்கிய சக்கரம் காற்றில் எதிர்ப்பக்கம் சுற்ற, இரு பக்கச் சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வழியாக மறுபக்கச் சக்கரம் உருள வழி கிடைத்துவிடுகிறது. ஆகவே இன்ஜின் ஓடும்போதே ஃபோர் வீல் டிரைவ் போட்டு, மீட்டரில் அதன் விளக்கு எரிவதைப் பார்த்து, பிறகு கியரில் நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். அப்போது தரையில் நிற்கும் மற்ற அச்சு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் நின்றால் கியர் போட்டும் பயனில்லை, ஆட்டோமேட்டிக்கில் பார்க் போட்டும் பயனில்லை. ஹேண்ட் பிரேக்கை முழுதாக இழுங்கள். இதற்கெல்லாம் மேலாக, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் அண்டை கொடுங்கள். கட்டை இல்லாவிட்டால் தட்டையான கல். உருண்டைக் கல் அண்டைக்கு ஆகாது.

சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ளுங்கள். தூக்கிய பிறகு பலம் கொடுத்தால் வண்டி ஜாக்கியிலிருந்து சரியும்.

ஜாக்கியை எங்கே வைப்பது? ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே துண்டான அச்சு. தாருக்கும் இப்போதைய கூர்க்காவுக்கும் பின்னால் மட்டும் அப்படி, முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன். அச்சுக் குழாயின் அடியில், சக்கரத்துக்குப் பக்கமாக ஜாக்கி கொடுத்தால் ஐந்தாறு அங்குலத்திலேயே சக்கரம் தூக்கும். சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டம்) கொடுத்தால் ஸ்பிரிங் முழுக்க இறங்கித் தொங்கிய பிறகுதான் சக்கரம் தரையை விடும். அவ்வளவு உயரத்துக்கு வண்டியோடு வந்த ஜாக்கி எட்டாமல் போகலாம். நடுவில் உருண்டையாக இருக்கும் டிஃபரன்ஷியலிலும் ஸ்டீயரிங் ராடிலும் கொடுக்கவே கூடாது. முன்பக்கத்துக்குக் கையேட்டில் காட்டிய இடம் எதுவோ அதுதான்.

அடியில் பலகை. பலகையின் கீழ் மண்ணைச் சமமாக்கிவிட்டு வையுங்கள். டயர் முழுதாக அமுங்கி, அச்சுக்கு அடியில் ஜாக்கி நுழையவில்லை என்றால் ஒரு தட்டைக் கல்லைச் சக்கரத்துக்கு முன்னால் போட்டு வண்டியை அதன் மேல் ஏற்றுங்கள். வேண்டிய இடம் கிடைத்துவிடும். ஸ்டெப்னி முழுக் காற்றோடு இருப்பதால் கழற்றிய சக்கரத்தைவிட உயரம் கூட. அதற்கு இன்னும் தூக்குவதைவிடக் கீழே மண்ணைக் கொஞ்சம் தோண்டுவது மேல்.

தூக்கத் தொடங்கியதும் ஸ்டெப்னியைச் சேசிஸுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். சக்கரத்தைக் கழற்றியதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி டயரின் மேல்தான் உட்காரும். எந்தக் காரணத்துக்காகவும் உடம்பின் எந்தப் பாகமும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

இந்தச் சக்கரங்கள் கனமானவை, குனிந்து கைகளால் தூக்கி மாட்டினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். சாக்கை விரித்துத் தரையில் உட்கார்ந்து, பாதங்களை டயருக்கு அடியில் கொடுத்து உயர்த்தி, ஸ்டட்டில் (நட் ஏறும் போல்ட்) சொருகுங்கள். ஹப்பின் முகத்தில் சேறு ஒட்டியிருந்தால் துடைத்துவிட வேண்டும். நட்டுகளை முதலில் விரலால் ஏற்றுங்கள், ஒன்று விட்டு எதிர் எதிராக. பாதி இறக்கிய பின் அதே வரிசையில் முழுதாக இறுக்குங்கள். ஸ்டட்டில் எண்ணெய் தடவாதீர்கள், அளவுக்கு மீறி இறுகிவிடும். 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

சைடு வால் கிழிந்தால், டயர் ரிம்மை விட்டுக் கழன்றால்

சைடு வால் கிழிசலுக்கு ஸ்ட்ரிப் வைத்தியம் கிடையாது. ஸ்டெப்னி மாட்டுங்கள். ஸ்டெப்னியும் போய்விட்டது என்கிற நிலையில், சின்னக் குத்தாக இருந்தால் இரண்டு மூன்று ஸ்ட்ரிப் திணித்து, நடை வேகத்தில் ஆள் நடமாட்டம் உள்ள இடம் வரை வரலாம். பெரிய கிழிசலுக்கு டயருக்குள் டியூப் போடுவதுதான் பழைய ஜீப்காரர்கள் செய்யும் வழி: கிழிசலை உள்பக்கமிருந்து மூடும்படி பழைய டயரில் வெட்டிய தடித்த ரப்பர் துண்டை வைத்து, ரிம் வால்வைக் கழற்றி, சரியான அளவு டியூபை நுழைத்துக் காற்றடிப்பது. பழைய ஸ்ட்ரிப் வால்களும் முள் முனைகளும் உள்ளே இருந்தால் டியூபும் பஞ்சர் ஆகும், அதனால் தடவி எடுத்துவிடுங்கள். ஊர் வந்ததும் அந்த டயருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

குறைந்த காற்றில் திரும்பும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றால் பயம் வேண்டாம், டயருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சக்கரத்தைத் தூக்கி, விளிம்பிலும் ரிம்மிலும் உள்ள மண்ணைத் துடைத்துச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வால்வு பின்னைக் கழற்றிவிடுங்கள், காற்று வேகமாக நுழையும். ராட்செட் ஸ்ட்ராப்பை டயரின் நடு வட்டத்தில் சுற்றி இறுக்கினால் இரு விளிம்பும் ரிம்மை நோக்கிப் பிதுங்கும். கம்ப்ரெசரைப் போட்டு, காற்று பிடிக்கத் தொடங்கியதும் ஸ்ட்ராப்பைத் தளர்த்துங்கள். டப் டப் என்று இரண்டு சத்தம் கேட்டால் இரு பக்கமும் அமர்ந்துவிட்டது. இந்த நேரத்தில் விரலை ரிம்முக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள். அதற்குள் அமரவில்லை என்றால் காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி, முதலிலிருந்து தொடங்குங்கள். பெட்ரோலோ ஸ்பிரேயோ ஊற்றித் தீக்குச்சி கிழித்து டயரை ஏற்றும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். டயர் முகத்தில் வெடிக்கக்கூடிய வேலை அது. செய்யவே வேண்டாம்.

வீடு திரும்பியபின்

ஸ்ட்ரிப் போட்ட டயரைப் பஞ்சர் கடையில் கழற்றச் சொல்லி, உள்பக்கத்தைப் பாருங்கள். ஓட்டை பட்டன் பகுதியில், ஆறு மில்லிமீட்டருக்குள் இருந்தால் உள்ளிருந்து காளான் பேட்ச் (தண்டு ஓட்டையையும் குடை உள்பக்கத்தையும் மூடுவது) ஒட்டிக்கொண்டு நிம்மதியாக ஓட்டலாம். சைடு வாலின் உள்சுவரில் கறுப்புப் பொடி கொட்டிக் கிடந்தாலோ, வட்டமாகத் தேய்ந்த கோடு தெரிந்தாலோ காற்றில்லாமல் ஓடியதில் டயர் உள்ளுக்குள் செத்துவிட்டது. பேட்ச் ஒட்டிப் பயனில்லை. கடைக்காரர் "ஓடும் சார்" என்று சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ரிம்மின் உதடு வளைந்திருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள், வீல் பேலன்சிங் பாருங்கள்.

பிறகு பை. செலவான ஸ்ட்ரிப்பை வாங்கி நிரப்பி, சொல்யூஷன் டியூபைப் புதிதாகப் போட்டு, ரீமரின் பற்களில் ஒட்டிய ரப்பரைக் கம்பிப் பிரஷ்ஷால் சுத்தம் செய்து, பலகையைக் கழுவிக் காயவைத்து, எல்லாவற்றையும் அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடுங்கள்.